தொகை இருக்கட்டும், அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

ஒரகடம் பக்கம் கார் சீட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐ.டி.ஐ. ஃபிட்டர், வயது 34. பெயர், கம்பெனி எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'க.' என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

அவருடைய ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 310 பேர். அவர்களில் 226 பேர் இரண்டு வருடத்துக்கு முன்பு பதிவான யூனியனில் இருக்கிறார்கள். கான்ட்ராக்ட், ட்ரெய்னி என்று இன்னும் நானூறு பேருக்கு மேல் அதே லைனில் நிற்கிறார்கள். பழைய ஊதிய ஒப்பந்தம் மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. ஒன்பது சுற்றுப் பேச்சு நடந்தும் இழுபறிதான். யூனியன் மூன்று வருட ஒப்பந்தத்தில் மாதச் சம்பளத்தில் 25,000 ரூபாய் உயர்வு கேட்கிறது. நிர்வாகம் நான்கு வருடத்துக்கு 13,500 என்கிறது. பதிலுக்கு மணிக்கு 52 சீட் என்பதை 60 ஆக்க வேண்டுமாம். நடுவில் எச்.ஆர். ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இடைக்காலமா மாசம் நாலாயிரம் வாங்கிக்கங்க, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஒரு தாளை நீட்டுகிறார். யூனியனில் இருக்கும் இளைஞர்களோ, "ஸ்ட்ரைக் வேண்டாம், எல்லாரும் ஒரே நாள்ல சி.எல். (கேஷுவல் லீவு) போடுவோம், லீவு எடுக்க நமக்கு உரிமை இருக்கு" என்கிறார்கள். க. பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பவர். வாலாஜாபாத்தில் வீட்டுக் கடன், மனைவிக்கு ஏழாம் மாதம். "பக்கத்துக் கார் கம்பெனியில் 31,000 கொடுத்திருக்கிறார்கள் மேடம். எங்களுக்கு அதில் பாதிகூட இல்லை. விட்டுக்கொடுக்கிறோமா, ஏமாறுகிறோமா என்றே தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள க.,

சி.எல். யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாள் குறித்துவிட்டதாக எழுதியிருப்பதால் அதுதான் அவசரம்.

ஒரே நாளில் சி.எல். போடுவது

வேண்டாம். தனி ஆளாக நீங்கள் போடும் சி.எல். லீவுதான். ஆனால் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபிறகு, ஓர் ஆலையின் தொழிலாளர்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ கூடிப் பேசி ஒரே நாளில் சி.எல். போட்டால், அதுவும் வேலைநிறுத்தம் என்றே சட்டம் சொல்கிறது. வேலைநிறுத்தம் என்றாகிவிட்டால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து மாதிரியான பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் முன்னறிவிப்பு கட்டாயமாக இருந்தது. இப்போது எல்லா ஆலைக்கும் அதே விதி. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையிலும் ஸ்ட்ரைக் கூடாது.

மீறினால் சட்டவிரோத வேலைநிறுத்தம். ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து முன்னறிவிப்பில்லாமல் வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கவும் வழி இருக்கிறது. ஜெயிலைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. ஒன்பது சுற்றும் பொறுமையாகப் பேசி நியாயத்தை உங்கள் பக்கம் வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் லீவுக்குப் பிறகு பத்தாவது சுற்றில் சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. யார் தூண்டினார்கள், யாருக்கு சார்ஜ் மெமோ, யாருக்கு சஸ்பென்ஷன் என்பதுதான் பேச்சாக இருக்கும். ஒரு மாதம் கழித்து, சஸ்பெண்ட் ஆன நான்கு பேரைத் திரும்ப எடுத்தால் போதும் என்று 13,500-க்கே கையெழுத்துப் போடுவீர்கள். இப்படி முடிந்த ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்தம் கொடுக்க வேறு வழிகள் இருக்கின்றன. கறுப்பு பேட்ஜ் குத்திக்கொள்வது, கேன்டீன் சாப்பாட்டைத் தவிர்ப்பது, ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே கூட்டம் போடுவது. உங்கள் ஆலைக்கு ஒரு தனிப் பலம் உண்டு. கார் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் சீட் போய்ச் சேர வேண்டும். நீங்கள் முறைப்படி கொடுக்கும் 14 நாள் முன்னறிவிப்பே அந்தக் கார் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆட்களை உங்கள் எம்.டி.க்கு போன் போட வைக்கும். கூடவே ஓர் எச்சரிக்கை: அந்தப் பதினாலு நாளில் நிர்வாகம் ஸ்டாக் ஏற்றும், இரண்டாவது வெண்டாரைத் தேடும். கொடுத்தால் மனதோடு கொடுக்க வேண்டும். சும்மா மிரட்டிப் பார்க்கிற தாளாக அது ஆகிவிடக் கூடாது.

31,000 என்ற கணக்கு

நீங்கள் சொல்வது இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 2025 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தமாகத்தான் இருக்க வேண்டும். மாதம் 31,000 உயர்வு என்பது உண்மை. ஆனால் அது ஒரே நாளில் கைக்கு வந்த பணம் இல்லை. மூன்று வருடத்துக்கு 55, 25, 20 சதவீதம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் வருடம் 17,050, அடுத்த வருடம் இன்னும் 7,750, மூன்றாவது வருடம் 6,200. ஒப்பந்தம் கணக்கில் எடுக்கும் காலம் 2024 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை. அதாவது பழையது முடிந்து கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் கழித்துதான் கையெழுத்தே ஆனது. எனவே ஒன்பது சுற்று ஆகிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளிலிருந்து அமலாகும் என்ற ஒரு வரி இருந்தால், காத்திருந்த மாதங்களின் பணம் அரியராக வரும். அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கார் கம்பெனியும் அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் கம்பெனியும் ஒன்றில்லை என்பது உங்களுக்கே தெரியும். வருடா வருடம் விலையைக் குறை என்று மேலிருந்து வரும் அழுத்தம் உங்கள் நிர்வாகத்தின் தலையில்தான் விழுகிறது. எனவே ஹூண்டாயைக் காட்டிப் பேசினால் ஐந்து நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உங்களைப் போன்ற சீட், பிரேக், வயரிங் ஆலைகளில் சமீபத்தில் போட்ட நான்கைந்து ஒப்பந்தங்களின் நகலை உங்கள் சங்கத்தின் மாவட்டக் குழு மூலம் வாங்குங்கள். மேசையில் அவைதான் பேசும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நிர்வாகம் தரும் 13,500-ஐ 40, 20, 20, 20 என்று நான்கு வருடத்துக்குப் பிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வருடம் 5,400, இரண்டாம் வருடம் 8,100, மூன்றாம் வருடம் 10,800. முதல் மூன்று வருடத்தில் கைக்கு வருவது 2,91,600 ரூபாய். இதற்குப் பதிலாக வெறும் 12,000-ஐ மூன்றே வருடத்துக்கு 55, 25, 20 என்று வாங்கினால் 6,600, 9,600, 12,000. அதே மூன்று வருடத்தில் 3,38,400 ரூபாய். தொகை 1,500 குறைவு, கைக்கு வருவது 46,800 அதிகம். அதோடு நான்காம் வருடம் புதிய ஒப்பந்தத்துக்கு மறுபடி உட்காரலாம். 25,000-ஆ 13,500-ஆ என்று இழுத்துக்கொண்டிருப்பதைவிட, எத்தனை வருடம், முதல் வருடம் எவ்வளவு என்பதில் இழுங்கள்.

அப்புறம், அந்த 5,400-இல் அடிப்படைச் சம்பளத்தில் சேர்வது 1,000 மட்டும், மீதி 4,400 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று வரைவில் இருக்கிறது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பது கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்குவது. 4,400 ரூபாய் கணக்கில் வராவிட்டால் உங்கள் பதினோரு வருடத்துக்கு மட்டும் ஏறக்குறைய 28,000 ரூபாய் போகும். புதிய சட்டத் தொகுப்பில், சம்பளத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியது சம்பளமாகவே கணக்கிடப்படும் என்று ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். பாதி வரைக்கும் அந்த வேலி தடுக்காது. பேசிக் எவ்வளவு என்பதை வரைவில் எண்ணால் எழுத வையுங்கள்.

ஒன்பது நொடி

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கும் விஷயம் இது. எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மணிக்கு 52 சீட் என்றால் ஒரு சீட்டுக்கு 69 நொடி. 60 சீட் என்றால் சரியாக 60 நொடி. நீங்கள் ரிக்ளைனர் போல்ட் நான்கை டார்க் கன்னால் இறுக்கும் ஸ்டேஷனில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது நொடியில்தான் கீழே விழுந்த போல்ட்டைக் குனிந்து எடுக்கிறீர்கள், நெற்றியைத் துடைக்கிறீர்கள், பக்கத்து ஸ்டேஷன் பையனுக்கு ஒரு கை கொடுக்கிறீர்கள். ஷிப்டில் வேலை நேரம் ஏழரை மணி என்றால் இப்போது 390 சீட், நாளைக்கு 450. அறுபது சீட் கூடுதல், தினமும். தோள்பட்டை வலிக்கு ஊதிய ஒப்பந்தத்தில் அரியர் கிடையாது.

உற்பத்தி உயர்வே கூடாது என்று சொல்ல மாட்டேன். உங்கள் நிர்வாகத்துக்கும் ஆர்டர் கூடியிருக்கலாம். ஆனால் "உற்பத்தித் திறனை உயர்த்தத் தொழிலாளர்கள் ஒத்துழைப்பார்கள்" என்று வாசல் திறந்த மாதிரி ஒரு பிரிவு இருந்தால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வாசகத்தை வைத்து 60-ஐ 66 ஆக்குவார்கள், அதற்குத் தனியாகக் காசும் கிடைக்காது. 60 எந்த லைனில், எந்த மாடலுக்கு, எத்தனை ஆள் நிற்க, என்ன புதிய ஃபிக்ஸ்ச்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) வந்த பிறகு என்று எழுத வேண்டும். மெஷின் கோளாறு, பவர் கட், பார்ட்ஸ் வராமல் நின்ற நேரம் இலக்கிலிருந்து கழிய வேண்டும். யூனியன் ஆளும் இருந்து நேர ஆய்வு செய்த பிறகே புதிய இலக்கு அமல் என்று வையுங்கள். இலக்கு எட்டாத நாளுக்கு ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்ற வரியும் வேண்டும். இந்த வரியை நிர்வாகம் கடைசி வரை எதிர்க்கும். அதிலிருந்தே அதன் விலை உங்களுக்குத் தெரியும்.

எச்.ஆர். நீட்டும் தாள்

அந்தத் தாளின் போட்டோவைப் பார்த்தேன். 4,000 ரூபாய் மேலே பெரிதாக இருக்கிறது. கீழே மூன்றாவது பத்தியில், "நிர்வாகம் முன்வைத்துள்ள நிபந்தனைகளை முழுமையாக ஏற்கிறேன்" என்று இருக்கிறது. இதை இடைக்கால நிவாரணம் என்று சொல்ல முடியாது. உங்கள் ஆட்கள் பழைய பழக்கத்தில் 'பதினெட்டு ஒண்ணு' (பழைய சட்டத்தின் 18(1) பிரிவு) என்று சொல்வார்களே, கையெழுத்துப் போட்டவரை மட்டும் கட்டும் ஒப்பந்தம், அதைத் தனித்தனியாகச் சேர்க்கும் வேலை இது. பாதிப் பேருக்கு மேல் போட்டுவிட்டால், பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது என்று வாதாட வசதியாகிவிடும். பெரும்பான்மை ஏற்ற ஒப்பந்தத்தை நியாயமானதாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஒப்பந்தத்தை மொத்தமாகத்தான் எடைபோட வேண்டும், ஒரு பிரிவைப் பிய்த்தெடுத்து இது மட்டும் அநியாயம் என்று சொல்ல முடியாது என்று ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கூப்பிட்டால் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள், நகல் கேளுங்கள், யூனியனிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். கடனில் தவிக்கும் சிலருக்கு அந்த நாலாயிரம் நிஜமாகவே தேவையாக இருக்கலாம். அவர்களைத் துரோகி என்று வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக, இறுதி ஒப்பந்தத்துக்கும் எங்கள் உரிமைகளுக்கும் குந்தகமின்றி எல்லோருக்கும் இடைக்கால நிவாரணம் கொடுங்கள் என்று யூனியனே கடிதம் கொடுக்கட்டும். பிறகு அந்தத் தாளுக்கு வேலை இருக்காது.

யார் உட்காருவது, எங்கே கையெழுத்து

யூனியன் பதிவானாலே நிர்வாகம் பேசியாக வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. தமிழ்நாட்டில் யூனியனுக்கு அங்கீகாரம் கொடுக்க நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இதுவரை இருந்ததில்லை; பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. புதிய தொகுப்பில்தான், ஒன்றுக்கு மேல் யூனியன் இருந்தால் மஸ்டர் ரோலில் (ஆலையின் வருகைப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் ஆதரவுள்ள யூனியனைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்று வந்திருக்கிறது. 310 பேருக்கு 159 போதும்; உங்களிடம் 226 பேர். உறுப்பினர் படிவம், சந்தா ரசீது இரண்டையும் ஒழுங்காக வைத்திருந்து எழுத்தில் கேளுங்கள்.

"வொர்க்ஸ் கமிட்டியோடு பேசி முடித்துக்கொள்கிறோம்" என்று எச்.ஆர். சொன்னதற்குப் பயப்பட வேண்டாம். அந்தக் கமிட்டி கேன்டீன், பஸ், விளக்கு போன்ற அன்றாட விஷயங்களுக்கானது. சங்கத்தின் இடத்தை அது பிடிக்க முடியாது என்று 1960-லேயே நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வெளியாள் தலைவர் மேசையில் உட்காரக் கூடாது என்பதும் தவறு. யூனியன் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதுவரை வெளியாட்கள் இருக்கலாம்.

கையெழுத்தைத் தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னால் போடுங்கள். 'பன்னிரண்டு மூணு' (பழைய சட்டத்தின் 12(3) பிரிவு) என்று நீங்கள் சொல்வது இதுதான். பிரிவு எண் மாறிவிட்டது, பயன் மாறவில்லை. யூனியனில் இல்லாத 84 பேரையும், நாளை சேரப்போகிறவரையும் அது கட்டும். சமரசம் முறிந்தால் முன்பு அரசு வழக்கை அனுப்பிவைக்கக் காத்திருக்க வேண்டும். இப்போது 90 நாளுக்குள் நீங்களே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஒப்பந்தம் காலாவதியானதால் பஸ்ஸையும் கேன்டீன் சலுகையையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். முறைப்படி முறிக்கும் வரை பழைய ஒப்பந்தம் தொடரும். இருக்கிற சலுகையைக் குறைக்க 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

கூட நிற்கும் நானூறு பேர்

"கான்ட்ராக்ட் பசங்களைக் கோரிக்கையில் சேர்த்தால் நம்ம தொகை குறையும்" என்று உங்கள் தலைவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். 310 பேர் வெளியே நின்றால் லைனை ஓட்டப்போவது யார்? அந்த நானூறு பேர்தான். அவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால், அவர்கள் ஏன் உங்களுக்காக நிற்க வேண்டும்? அமெரிக்காவில் 2023-இல் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெலான்டிஸ் மூன்றையும் எதிர்த்து நடந்த ஸ்ட்ரைக்கின் முடிவில் நான்கரை வருடத்துக்கு 25 சதவீத உயர்வு வந்தது. அதே ஒப்பந்தத்தில் தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவதையும், புதியவர் உச்சச் சம்பளத்தை எட்டும் காலத்தை எட்டு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைப்பதையும் சேர்த்தே வாங்கினார்கள்.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அப்ரண்டிஸ் சட்டத்தில் பதிவான பயிற்சியாளருக்கு இது பொருந்தாது. கான்ட்ராக்டர் வழி வந்தவர் அந்தக் கான்ட்ராக்டே பெயரளவுக்கானது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும், அது நீண்ட வழக்கு. எனவே வருடத்துக்கு இத்தனை பேரை சீனியாரிட்டிப்படி நிரந்தரமாக்குவது என்று ஒப்பந்தத்திலேயே ஓர் எண் வாங்குவது சுலபம். அப்படிப் புதிதாக வருபவர்கள் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போவார்கள். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு என்ன என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள்.

வேலை போய்விடுமா?

போகாது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. சமரசப் பேச்சு நடக்கும் காலத்தில், இந்தத் தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டில் யாரையும் அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் டிஸ்மிஸ் செய்ய முடியாது. ஆலைத் தொழிலாளர்களின் எண்ணிக்கையில் ஒரு சதவீதம், குறைந்தது ஐந்து என்ற கணக்கில் யூனியன் நிர்வாகிகள் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்று அங்கீகாரம் பெறலாம். உங்கள் ஆலைக்கு ஐந்து பேர். அந்தப் பட்டியலை யூனியன் கொடுத்துவிட்டதா என்று நாளைக்கே கேளுங்கள். நீங்கள் நிர்வாகியாக இருந்தால் உங்கள் பெயர் அதில் இருக்கட்டும். மற்றபடி கார்டு பஞ்ச் சரியாக இருக்கட்டும், ஷிப்டில் போன் வேண்டாம், சூப்பர்வைசரோடு வாக்குவாதம் வேண்டாம். இந்த மாதிரி நேரத்தில் சார்ஜ் மெமோவில் 'ஸ்ட்ரைக்' என்று எழுத மாட்டார்கள், 'பத்து நிமிடம் தாமதம்' என்றுதான் எழுதுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்தாவது சுற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் உங்கள் லைனில் ஒரு சீட்டுக்கு நிஜமாக எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று ஷிப்டிலும் எழுதிக்கொண்டு போங்கள். இன்னொன்று: தனியார் ஆலையில் அப்பாவுக்குப் பிரசவ கால விடுப்பு கொடுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. உங்கள் கோரிக்கைப் பட்டியலிலும் அது இல்லை. நிர்வாகத்துக்கு அதிகம் செலவில்லாத விஷயம். எதையாவது விட்டுக்கொடுக்கும்போது பதிலுக்குக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே இரண்டு மாதத்தில் தேவைப்படும்.